‘ஆஜர்’ அண்ணாச்சியும் கிழக்குத் தெரு வரிசையும்

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்: இந்த நாட்டின் அரசாங்கத்தை ‘ஆஜர்’ அண்ணாச்சி அளவுக்கு நம்பியவர் எவரும் இலர், அவரைக் கண்டு அஞ்சிய அளவுக்கு அரசாங்கம் வேறு எவரைக் கண்டும் அஞ்சியதில்லை. மிகை என்று நினைக்கிறீர்களா? எந்த அலுவலக வாசலிலாவது நின்று, “சைக்கிள் கடைக்காரரு வாராரு” என்று மெல்லச் சொல்லியிருந்தால், நாற்காலிகள் காலியாகும் ஓசையை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையே, பஸ் நின்றாலும் நிற்கும் நிற்காமலும் போகும் ஊர் எங்களுடையது. அங்கே அவருக்கு வாடகை சைக்கிள் கடை. சைக்கிள்கள் நான்கு, நான்குக்கும் சேர்த்து பிரேக் இரண்டு. கடைப் பலகையில் எழுதியிருந்த அவருடைய இயற்பெயரை மழை அழித்துவிட்டது என்று எழுத ஆசைதான். எங்கள் ஊரில் அந்த வேலையையும் வெயில்தான் செய்ய வேண்டியிருந்தது.

‘ஆஜர்’ என்ற பட்டம் வந்த வரலாறு இது. ஒருமுறை அருப்புக்கோட்டையில் கோர்ட்டு நடவடிக்கையை வேடிக்கை பார்க்கப் போனார். டவாலிச் சேவகர் யாரோ ஒருவருடைய பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். பதில் இல்லை. அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, “ஆஜர்!” என்றார்.

“நீர்தான் அவரா?”

“இல்லீங்கய்யா. நான் பொதுசனம். கூப்பிட்டதுக்கு ஒருத்தருமே வாய் தெறக்கலேன்னா கவர்மெண்டுக்கு மனசு சங்கடப்படும்ல?”

அன்று தொடங்கிய ஆஜர் அதன்பின் நிற்கவில்லை. கண்மாய் மீன் ஏலமா, ஜமாபந்தியா, அம்மை குத்தும் முகாமா, எங்கே எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் அண்ணாச்சி ஆஜர். குடும்பக் கட்டுப்பாடு முகாமிலும் அவ்வாறே எழுந்துவிட்டு, பிறகு கொல்லை வழியாக ஓடிவந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததும் இல்லை, விவரித்ததும் இல்லை.

இப்படிப்பட்டவரைத்தான் கிழக்குத் தெருவின் துயரம் வந்து உலுக்கியது. கிழக்குத் தெருவில் குடிநீருக்கு வழியில்லை. ஊரணி வற்றினால் பெண்கள் இரண்டு மைல் நடக்க வேண்டும். பஞ்சாயத்தில் கேட்கலாம் என்றால், அந்தத் தெருவுக்காகப் பேச அங்கே ஓர் உறுப்பினர் இல்லை. ஏன் இல்லை? முந்தைய தேர்தலில் அந்தத் தெருப் பெண்கள் ஓட்டுப் போடவில்லை. போடப் போனார்கள், போட விடவில்லை.

தடுத்தவர் எண்ணெய் மில் முதலாளி. பழைய பஞ்சாயத்துத் தலைவரின் ஏஜெண்டாக வாக்குச்சாவடியில் அமர்ந்திருந்தார். அடிதடி கிடையாது, அதட்டல் கிடையாது. கிழக்குத் தெருப் பெண் ஒருத்தி உள்ளே வந்தால், “இவ நெசமாவே அவதானான்னு சந்தேகமா இருக்கு. புருசன் பேரச் சொல்லச் சொல்லுங்க” என்பார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் கணவன் பெயரைச் சொல்லும் பெண் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. வெள்ளைச்சாமியின் மனைவி ராமாயி, வெள்ளை என்ற நிறத்தையே சொல்லமாட்டாள். ‘சுண்ணாம்பு நெறம்’ என்பாள். மோர் விற்கும் செல்லத்தாயியின் கணவர் கருப்பையா. அவள் கடைக்குப் போனால் கருப்பட்டி கேட்பதில்லை; ‘அந்த இனிப்புக் கட்டி’ என்று கையைக் காட்டுவாள். இவர்களிடம் போய்ப் பெயரைக் கேட்டால்? தலையைக் குனிந்தபடி ஒவ்வொருத்தியாக வீடு திரும்பினார்கள். செல்லத்தாயி இரண்டு தேர்தல்களில் அவ்வாறு திரும்பியவள்.

அடுத்த தேர்தல் அறிவிக்கப்பட்டது. அப்போது நான் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் மூன்று கோப்பைகளை வென்று ஊருக்கு வந்திருந்தேன். வாக்குரிமையும் அந்த ஆண்டுதான் எனக்கு வாய்த்தது. மகளிரை விழித்தெழச் செய்யும் பொறுப்பைக் காலம் என் நாவில் வைத்திருப்பதாகவே கருதினேன். ஊரணிக் கரையில் பெண்கள் குடங்களோடு காத்திருந்த வேளையில் ஒரு கல்மேல் ஏறினேன்.

“தாய்க்குலமே! நாணம் என்னும் விலங்கை நொறுக்குங்கள்! நாவினைத் திறந்து, நாயகன் நாமத்தை முழங்குங்கள்!”

முக்கால் மணி நேரம் முழங்கினேன். முடிவில் செல்லத்தாயி கேட்டாள்:

“ஏந் தம்பி, நான் எம் புருசன் பேரச் சொன்னாத்தான் அவரு எனக்குப் புருசனா?”

“அப்படியில்லை அம்மா, சட்டத்தின் முன்னே…”

“சொல்லாமலே நாலு புள்ள பெத்திருக்கேன். நீ எறங்கு. அந்தக் கல்லுல எனக்குத் துணி தொவைக்கணும்.”

மூன்று கோப்பைகளின் நாயகன் இறங்கினேன்.

அண்ணாச்சி அன்று என் பேச்சைக் கடைசி வரை கேட்டார். கைதட்டவில்லை. “நல்லாத்தான் பேசுன தம்பி. ஆனா ட்யூபுல ஓட்டை எங்கனு பாக்காமக் காத்தடிச்சுட்டே” என்றார். அவர் எந்தப் பிரச்சினையையும் ட்யூபைப் போலத்தான் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று தேடுவார். இதையும் அமுக்கினார். குமிழி கிளம்பியது: கணவன் பெயரை மனைவி சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அதைக் கேட்கத்தான் அவர் தேர்தல் அலுவலகப் படியேறினார். முதல் நாள் குமாஸ்தா, “அதெல்லாம் சட்டத்துல கெடையாதுய்யா, போங்க” என்றார்.

“கெடையாதுன்னு எழுதிக் குடுங்க.”

“அப்படியெல்லாம் எழுதிக் குடுக்க வழியில்ல.”

“வழியில்லன்னு எழுதிக் குடுங்க.”

மறுநாள் குமாஸ்தா விடுப்பில் போனார். அண்ணாச்சி போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அலுவலகத்தில் யாருடைய பெயர் காதில் விழுந்தாலும் “ஆஜர்!” என்றார். டீ கொண்டுவந்த ஆளை மேலதிகாரி கூப்பிட்டபோதும் “ஆஜர்!” ஒன்பதாம் நாள் அந்த மேலதிகாரியே கையெழுத்திட்டு ஒரு தாளை நீட்டினார். வாக்காளர் தம் வாயால் கணவர் பெயரைக் கூற வேண்டிய கட்டாயம் இல்லை. ஐயம் எழுந்தால், அதே பட்டியலில் உள்ள மற்றொரு வாக்காளர் அடையாளம் சொன்னால் போதும்.

மற்றவர்கள் இத்துடன் திருப்தி அடைந்திருப்பார்கள். அண்ணாச்சியின் மேதைமை இங்கேதான் ஆரம்பிக்கிறது. தன் கணவன் பெயரைத்தான் ஒரு பெண் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரியின் கணவன் பெயரைச் சொல்ல என்ன தடை? ஆகவே, வரிசையில் பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளின் கணவன் பெயரைச் சொல்லவேண்டும். அவளுடைய கணவன் பெயரை, அவளுக்கும் பின்னால் நிற்பவள்.

எளிது என்று நினைத்துவிடாதீர்கள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். ஆகவே மாமியாருக்குப் பின்னால் மருமகளை நிறுத்த முடியாது. கணவனின் அண்ணனான மூத்தார் பெயரும் ஆகாது. ஆகவே மூத்த ஓரகத்திக்குப் பின்னால் இளையவளும் நிற்கக்கூடாது. கிழக்குத் தெருவிலோ பாதிப்பேருக்குப் பாதிப்பேர் சொந்தம். பெண் ஒருத்திக்கு ஒன்றாகச் சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளை ஒரு தகரத்தட்டில் போட்டு, மாமியார்களுக்கு மட்டும் பெரிய குண்டாகப் பொறுக்கி, மூன்று நாள் நகர்த்தினார். வாடகை சைக்கிள் கேட்டு வந்தவர்களை, “இருங்கப்பா, இந்த மாமியார ஒதுக்கிட்டு வாரேன்” என்று காக்கவைத்தார்.

இன்னும் ஒரு சிக்கல். கடைசியில் நிற்பவளுக்கு யார் சொல்வது? அதற்கும் விடை கண்டார். பேச்சியம்மாள் என்று ஒருத்தி; கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆடு வளர்ப்பவள். பட்டியலில் அவளுக்கு எதிரே இருப்பது தகப்பன் பெயர். தகப்பன் பெயரைத் தானே சொல்லலாமே! வரிசையின் கடைசி ஆள் பேச்சியம்மாள் என்று முடிவாயிற்று. அவளுக்கு முன்னால் செல்லத்தாயி.

தேர்தல் நாள். பள்ளிக்கூட வகுப்பறையில் வாக்குச்சாவடி. ஏஜெண்டு இடத்தில் அதே மில் முதலாளி. கிழக்குத் தெரு வரிசை குலையாமல் வந்து நின்றது. முதல் பெண்ணிடம் அவர் தம் வழக்கமான சந்தேகத்தை எழுப்பினார். அண்ணாச்சியின் தாளை அதிகாரி இருமுறை படித்துவிட்டு, “சரி, பின்னால் இருப்பவர் சொல்லலாம்” என்றார்.

அதன்பின் நடந்ததை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. எத்தனை ஆண்டு அடங்கிக் கிடந்த பெயர்கள்! ராமாயியின் முறை வந்தபோது பின்னால் நின்றவள் முழங்கினாள்: “கொறட்டை விட்டுத் தெருவையே எழுப்புற வெள்ளைச்சாமி பொண்டாட்டி!”

“பெயர் மட்டும் போதும்மா” என்றார் அதிகாரி.

“அடையாளம் வேணும்னீகளே சாமி!”

வரிசை கரைந்துகொண்டே வந்தது. செல்லத்தாயியின் முறை வந்தது. அவளுக்குப் பின்னால் எவரும் இல்லை. பேச்சியம்மாளின் ஆடு அன்று பார்த்துக் குட்டி போடத் தொடங்கியிருந்தது. உலகத்து மாமியார்களையெல்லாம் கணக்கில் எடுத்த அண்ணாச்சி, ஓர் ஆட்டை மறந்துவிட்டார்.

மில் முதலாளி சாய்ந்து உட்கார்ந்தார். “பின்னால ஆளு இல்ல. நீயே சொல்லு தாயி, உம் புருசன் பேரென்ன?”

செல்லத்தாயி தலைகுனிந்தாள். மூன்றாவது தடவை. ஓட்டுப் போட்டு முடித்தவர் மறுபடி உள்ளே வரக்கூடாது என்பதால், அண்ணாச்சி வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் வாயில் ‘ஆஜர்’கூட வரவில்லை.

ஆண்கள் வரிசையில், கதவருகே நான் இருந்தேன். பட்டியலில் என் பெயர் உண்டு. கருப்பையாவையும் அறிவேன். காலம் என்னை அழைத்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“பெருமதிப்பிற்குரிய தேர்தல் அதிகாரி அவர்களே! ஈண்டு குழுமியிருக்கும் வாக்காளப் பெருங்குடி மக்களே! சனநாயகம் என்னும் ஆலமரத்தின்…”

“ஏய்! சாவடிக்குள்ள பிரசங்கம் பண்ணாதீங்க. வெளிய போங்க” என்றார் போலீஸ்காரர். கருப்பையா என்ற ஐந்தெழுத்து வரை என் பேச்சு வந்து சேரவே இல்லை. வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டேன்.

அப்போது செல்லத்தாயியின் பின்னால் வந்து நின்றாள் மேற்குத் தெருப் பெண்மணி ஒருத்தி. அடுப்பு வேலையை முடித்துவிட்டு நிதானமாக ஓட்டுப் போட வந்தவள். மில் முதலாளியின் மனைவி. அறையை ஒரு பார்வை பார்த்தாள், விஷயம் புரிந்தது.

“இவ கருப்பையா பொண்டாட்டி” என்றாள் அதிகாரியிடம். பிறகு தரையைப் பார்த்தபடி, கணவருக்குக் கேட்கும்படி: “பத்து வருசமா நம்ம வீட்டுக்கு மோர் ஊத்துறவ. நேத்து ரெண்டு செம்பு குடிக்கும்போது சந்தேகம் வரலயாக்கும்?”

செல்லத்தாயியின் விரலில் மை வைத்தார்கள். அவள் ஓட்டுப் பெட்டியை விட்டு நகர்ந்தபோது, அதிகாரி பழக்க தோஷத்தில் அடுத்தவளிடமும் கேட்டுவிட்டார்: “உங்க வீட்டுக்காரர் பேரு அம்மா?”

முதலாளியின் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பின்னால் ஆள் இல்லை. அந்த ஊரில் இருபது ஆண்டுகளாக ‘முதலாளி’ என்றல்லாமல் எவரும் உச்சரிக்காத பெயர் அது. வாசற்படி வரை போன செல்லத்தாயி திரும்பினாள். மை விரலை உயர்த்தினாள்.

“சோணாசலம் பொண்டாட்டி!”

ஜன்னலுக்கு வெளியிலிருந்து இடிபோல ஒரு குரல்: “ஆஜர்!”

அதிகாரி சிரித்தார், போலீஸ்காரர் சிரித்தார், சிரிப்பு அடங்கியபோது முதலாளியின் மீசையும் சற்று அசைந்திருந்தது என்பதற்கு நானே சாட்சி.

கிழக்குத் தெருவுக்கு உறுப்பினர் கிடைத்தார். மறு கோடைக்குள் கைப்பம்பும் வந்தது. தண்ணீர் உப்பு. அண்ணாச்சி அதில் ஒரு தம்ளரைச் சிந்தாமல் சைக்கிளில் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்து, “ஒரு மடக்குக் குடிச்சுப் பாருங்கய்யா” என்றார். அடுத்த பம்பு நல்ல தண்ணீரில் இறங்கியது. அதன்பின் பஞ்சாயத்துத் தேர்தலே வரவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை ஆபீசுக்குப் போய், “எப்பய்யா தேர்தலு?” என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்.

வாக்குப்பதிவு நடந்த அன்று சாயங்காலம் கடையில் அவரை வாழ்த்தப் போனேன். முகம் வாடியிருந்தது. தகரத்தட்டில் ஒற்றைக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா நல்ல மனசுக்காரி, வந்து சொன்னாக. அடுத்த தடவ வராட்டி? வரிசையோட கடைசில இன்னும் ஓட்டை இருக்கு தம்பி. செல்லத்தாயி தலகுனிஞ்சு நின்னா பாரு, அதப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல.”

அன்று என்னிடம் கல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கேட்பவர் ஒருவர் மட்டுமே. ஆயினும் கடைத்தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

“அண்ணாச்சி, அடுத்த தேர்தலு எப்ப வந்தாலும் சரி, விடிஞ்சதும் வந்து நிப்பேன். கடைசிப் பொம்பள ஓட்டுப் போடுற வரைக்கும் நான் போட மாட்டேன். கடைசில யாரு நின்னாலும் அவுக வீட்டுக்காரர் பேர நான் சொல்றேன். பேர மட்டும்தான் சொல்லுவேன்.”