கீழ்த்தொட்டியில் களவு

"இந்தக் கோட்டுக்கு மேல தண்ணி ஊத்திராதீங்க சாச்சா" என்று சொல்லி, ஹுனைஸ் தரையில் வெண்கட்டியால் கீறிய தொட்டிப் படத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தான்.

அபூசாலிக்குக் கோடும் பிடிக்கவில்லை, இழுத்தவனையும் பிடிக்கவில்லை. மீன்தொட்டி பொருத்த மதுரங்குளியிலிருந்து வந்தவன், வந்த நேரம் தொட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தான். வேலைக்கு வந்தவனுக்குச் சிரிப்பு எதற்கு?

"பாதித் தண்ணி போதுமெண்டா முழுத்தொட்டி எதுக்குடா?"

"மேல் தொட்டி மீனுக்கு. இந்தக் கீழ்த்தொட்டி ஊத்தைக்கு. மேல வழியிற தண்ணி முதல் அறைக்கு வரும், துணிப்பை வடிக்கும். ரெண்டாவதில நுரை எடுக்கிற மெஷின். மூண்டாவதில மோட்டர், திரும்ப மேல ஏத்தும். கரண்ட் போனா மேல இருந்து கொஞ்சத் தண்ணி எறங்கும். அதுக்குத்தான் எடம் விடுறது."

"ம்."

"இன்னொண்டு சாச்சா. தண்ணி நாளுக்கு நாள் கொறையும். கொறஞ்சா கெணத்து நல்ல தண்ணி ஊத்துங்க. உப்புத் தண்ணி ஊத்திராதீங்க."

அபூசாலி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"கடல் மீனுக்குக் கெணத்துத் தண்ணியா? நாப்பது வருஷம் பாலாவி உப்பளத்தில வெயில் குடிச்சவனுக்கு உப்புத் தண்ணியப் பத்திப் பாடம் எடுக்கிறியா? எழும்புடா. குழாயப் பூட்டு, மோட்டரப் போடு, போய்க்கொண்டே இரு!"

ஹுனைஸ் பூட்டினான், போட்டான், போனான். போகும்போதும் சிரித்தான்.

தொட்டி மகன் றிஸ்மினுடையது. கட்டாரிலிருந்து அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வருகிறான். வந்தபிறகுதான் உள்ளே பவளப்பாறை வைப்பது. அதுவரை இரண்டு செம்மஞ்சள் மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹுனைஸ் தினமும் வந்து பார்க்கட்டும் என்று மகன் போனில் சொன்னான். அபூசாலி விடவில்லை.

"மீன் செத்தா அவன்ட வீட்டு வாசல்ல போய் நான் மாப்புக் கேக்குறன்" என்று சொல்லிவிட்டார். அறுபத்தெட்டு வயதுவரை அவர் ஒருவரிடமும் மாப்புக் கேட்டதில்லை.

"இஞ்சருங்க, உப்பு முடிஞ்சிட்டு" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி ஜுனைதா கூப்பிட்டாள். "கடையில ஒரு பைக்கட் வாங்கிட்டு வாங்க."

"நான் கடையில உப்பு வாங்குறதா? சனம் கைகொட்டிச் சிரிக்கும். உப்பளத்தில சொல்லி ஒரு சாக்கு கொண்டு வாறன்."

சாக்குக்குப் போக அவருக்கு நேரமில்லை. த்ரீவீலில் கேன் கேனாக, கடலோடு சேரும் களப்பின் உப்புத் தண்ணீர் ஏற்றி வந்து, கீழ்த்தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். கோடாம் கோடு!

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது ஊரில் கரண்ட் இல்லை. வாசற்படியில் செருப்பு மிதந்து வந்து அவரை வரவேற்றது. ஜுனைதா கதிரைமேல் ஏறி நின்றாள்.

"களப்பு ஊட்டுக்குள்ள வந்திட்டா, இல்ல ஊடு களப்புக்குள்ள போயிட்டா?" என்று கேட்டாள்.

"அந்தக் கள்ளன் பிழையான தொட்டியப் பூட்டிட்டான்!"

மறுநாள் கீழ்த்தொட்டிக் கண்ணாடியில் பாதிக்குச் சரியாகத் தானே ஒரு கோடு இழுத்தார். அது ஹுனைஸின் கோடுதான் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

விடிந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

சுற்றிவரத் துணியால் துடைத்தார். ஒழுக்கு இல்லை, ஈரம்கூட இல்லை. அப்படியென்றால் களவுதான். தொட்டி இருந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார்.

"பூட்டினா சூடேறும் வாப்பா!" மகன் போனில் அலறினான். "மீன் அவிஞ்சு போகும். கதவைத் திறந்து விடுங்க, ஃபேனைப் போடுங்க."

திறந்தார். ஒன்றுக்கு இரண்டாக ஃபேன் வைத்தார். யன்னல் இரண்டையும் களப்புக் காற்றுக்குத் திறந்துவிட்டார். அடுத்த நாள் நாலு விரல் இறங்கியிருந்தது. மூன்று கேன் களப்புத் தண்ணீர் ஊற்றினார். அதற்கடுத்த நாளும் இறங்கியது. அதற்கும் ஊற்றினார்.

பக்கத்து வீட்டுச் செய்னுலாப்தீன் யன்னலால் எட்டிப் பார்த்தார். அபூசாலியை அவர் அண்ணன் முறைக்குக் காக்கா என்பார். "களப்பு முழுக்கத் தண்ணி கெடக்கு. உங்கட தொட்டியில வந்து யாரு காக்கா களவெடுப்பான்?"

"அதுதான் எனக்கும் வெளங்கல்ல. உன்ட பூனை எப்பிடி, நல்ல பூனைதானே?"

ஆறாம் நாள் குனிந்து பார்த்தவர் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார். தொட்டி விளிம்பு, குழாய், மோட்டர் வயர் எல்லாவற்றிலும் பொருக்குப் பொருக்காக வெள்ளையாய் ஏதோ பூத்துக்கிடந்தது.

"நஞ்சு! கோவத்தில போனவன் உள்ளுக்க மருந்து வச்சிட்டுப் போயிரிக்கான்! ஜுனைதா, கை வச்சிராத, வெந்து போகும்!"

ஜுனைதா வந்து குனிந்து பார்த்தாள். "அப்ப உப்புச் சாக்கு?"

"உசிரு போற நேரத்தில உனக்கு உப்பா?"

அன்றிலிருந்து அவள் உப்புப் பேச்சையே எடுக்கவில்லை. பெண்சாதிக்குக் கடைசியில் புத்தி வந்ததே என்று அபூசாலி திருப்திப்பட்டார். அன்று பகல் சோற்றில் ஊற்றிய நண்டு ஆணத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றார். கவலை நெஞ்சுக்குத்தான், நாக்குக்கு அல்ல.

வியாழக்கிழமை காலை மீன்கள் இரண்டும் அடியில் சரிந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்தால் வெள்ளிக்கிழமை. அபூசாலி செய்னுலாப்தீனை அனுப்பி ஹுனைஸைப் பிடித்துவரச் செய்தார். சாட்சிக்குச் செய்னுலாப்தீனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

ஹுனைஸ் வந்து, உப்புப் பார்க்கும் கருவியில் ஒரு துளி விட்டுக் கண்ணில் வைத்தான். முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அல்லாஹ்வே! சாச்சா, ஒரு வாளி கெணத்துத் தண்ணி தாங்க, கெதியா!"

"தண்ணி பொறகு! முதல்ல இந்த நஞ்சுக்குப் பதில் சொல்லு!" அபூசாலி குனிந்து கீழ்த்தொட்டியைக் காட்டினார்.

காட்டிய விரல் அப்படியே நின்றது. நேற்றுப் பூத்துக்கிடந்த வெள்ளை ஒரு பொட்டும் இல்லை. விளிம்பு பளபளத்தது. குழாய் நக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

"சாட்சிய அழிச்சிட்டான்! செய்னுலாப்தீன், பாத்தியா?"

"அவன் இப்பத்தானே காக்கா படியே ஏறினான்!"

"அப்ப நஞ்சை எடுத்தது யாரு? எங்க போச்சு அது?"

குசினிக்குள்ளிருந்து ஜுனைதா கிணற்றுத் தண்ணீர் வாளியோடு வந்தாள். வாளியை ஹுனைஸிடம் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"உங்கட சாக்கு வந்து சேரல்ல, உங்கட கண்ணாடிப் பாத்தியில வெளஞ்ச உப்பைத்தான் அஞ்சு நாளா ஆணத்துக்குப் போட்டன், மிச்சத்தையும் காலையில வழிச்செடுத்து, மகன் வாறானெண்டு தேசிக்காய் ஊறுகாய் போட்டிரிக்கன்."