தரநிலை மணிக்கட்டு

மனிதனைப் படைத்த இறைவன், மணிக்கட்டுக்கு அளவு நிர்ணயிக்க மறந்துவிட்டார். அந்தப் பெருங்குறையைத் தீர்த்துவைத்த புகழ் லிதுவேனியாவின் வார்னுபே ஊர்ப் பாரம்பரியக் குழுவையே சாரும். ஊரார் எல்லோருடைய மணிக்கட்டையும் அளந்து, கூட்டி, வகுத்து, வந்த சராசரிக்கு மரத்தில் ஒரு கை கடைந்து வைத்தார்கள். அதுதான் "தரநிலை மணிக்கட்டு". பதினாறே முக்கால் சென்டிமீட்டர். அந்த அளவில் ஊரில் ஒருவருக்கும் மணிக்கட்டு இல்லை என்பதே அதன் நடுநிலைக்குச் சான்று.

அந்த மரக்கையின் முன்னால்தான் உர்ஷுலே நின்றாள். மேசையில் அவள் பின்னிய ஒரு ஜோடி மணிக்கட்டு உறை. கம்பளி நூலில் முதலிலேயே கண்ணாடி மணிகளைக் கோத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பின்னியது. கறுப்பில் வெள்ளை நட்சத்திரம். பக்கத்து வீட்டு அபோலினாரஸுக்காக. தேவாலயத்தில் மணி அடிப்பவர் அவர். இடது மணிக்கட்டு எப்போதோ ஒடிந்து கூடியதில் வீங்கியே நின்றுவிட்டது. குளிர் பட்டால் கயிறு பிடிபடாது. நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். மணிக்கூண்டோ பாரம்பரியச் சின்னம். ஏறுபவர் கையில் அணியும் எதற்கும் குழுவின் சான்றிதழ் வேண்டும்.

தலைவர் ஜிட்ரூனாஸ் உறைகளை மரக்கையில் சுற்றிப் பார்த்தார். வலது ஏறத்தாழப் பொருந்தியது. இடது இரண்டு விரற்கடை மிஞ்சியது.

"என்னம்மா இது, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு?"

"அவர் கை அப்படித்தான் ஐயா. வீங்கின பக்கம் மட்டும் பாதி வரியோட திரும்பித் திரும்பிப் பின்னி அகலம் குடுத்திருக்கேன்."

"ஓரம்கூடத் தைக்கல."

"அவர் கையில சுத்தித்தான் தைப்பேன். வீக்கம் காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு."

ஏழு பேர் கொண்ட குழு ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியது. செயலாளர்தான் முதலில் மேலே வந்தார். "வீக்கத்தையே பாரம்பரியம்னு அறிவிச்சிட்டா?"

தலைவர் முகம் மலர்ந்தது. "எத்தனை வருஷ வீக்கம்?"

"பன்னெண்டு ஐயா."

"அடடா, அம்பது ஆகணுமே! முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வரச் சொல்லுங்க."

"அவருக்கு இப்பவே எழுபத்தொண்ணு."

"அப்போ அவரே பாரம்பரியம். அதுக்கு வேற குழு."

உறைகள் "மேலாய்வுக்காக" அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டன.

கிறிஸ்துமஸ் விடியல். மணிக்கூண்டுப் படிகளில் அபோலினாரஸின் பின்னாலேயே உர்ஷுலே ஏறினாள்.

"நீ எதுக்கு வர்றே? உருண்டு விழுந்தா உன்னையும் நான்தான் தூக்கணும்."

"வாயை மூடிட்டுக் கையைக் குடுங்க."

வீங்கிய மணிக்கட்டைத் தன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் பொத்திக்கொண்டு அவள் மெல்ல ஊதினாள். கீழே டார்ச் விளக்கோடு தலைவர் வந்து நின்றார்.

"கையில என்ன போட்டிருக்கீங்க? உறையா?"

"இல்லீங்க, என் கை!" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள் உர்ஷுலே.

"அளவு?"

"அவருக்குச் சரியா இருக்கு!"

தலைவர் விதிநூலைப் புரட்டினார். உரிய பிரிவு அகப்படும் முன்பே மணி முழங்கிவிட்டது. பனியை மிதித்துக்கொண்டு ஊர் பூசைக்கு வந்தது.

விடுமுறையையும் பொருட்படுத்தாமல் மறுநாளே குழு கூடியது. "மணிக்கூண்டில் சான்றிதழ் பெறாத கதகதப்பு கண்டறியப்பட்டது" என்று தீர்மானம் நிறைவேறியது. தங்களில் எவரிடமும் அப்படியொன்று ஒருபோதும் இருந்ததில்லை என ஏழு பேரும் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அதை ஊரில் ஒருவர்கூடச் சந்தேகிக்கவில்லை.