மச்சான், உங்க தங்கச்சி என் பேரைச் சொல்லிட்டா

மருதங்குடி,
பங்குனி 12.

பெரிய மச்சான் அமிர்தலிங்கம் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தியாகேசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை தர்மாம்பாளும், புதிதாகப் பிறந்த கன்றும், வயலில் நிற்கும் உளுந்தும் சௌக்கியம். திருவாரூரில் தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் எவ்வாறு என அறிய ஆவல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் தங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். விஷயமோ அவளைப் பற்றியது.

நேரா சொல்லிடறேன் மச்சான். உங்க தங்கச்சி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறா. நீங்க நம்ப மாட்டீங்க. முப்பத்தாறு வருஷத்துல அவ வாயில என் பேரு வந்ததில்ல. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவன் "வீட்டுக்காரர் பேரு என்னம்மா"ன்னு கேட்டப்பவே, "திருவாரூர்ல தேர் ஓடுதுல்ல, அந்தச் சாமி பேரு"ன்னவ அவ. போன மாசி ஆரம்பத்துல திருக்கடையூர்ல எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்துச்சே, அப்ப குருக்கள் விளையாட்டா "மாப்பிள்ளை பேரைச் சொல்லும்மா"ன்னு கேட்டதுக்கும் அதே சாமியைத்தான் சொன்னா. நீங்களே பக்கத்துல நின்னு சிரிச்சீங்க. அப்படிப்பட்டவ கெட்டது அந்த வியட்நாம்லதான்.

நம்ம சதீஷ் இருக்கானே, பெத்த புள்ள, மணிவிழாவுக்குப் பரிசுன்னு டிக்கெட்டைக் கையில குடுத்தான். இவளுக்குப் பனிமலை பார்க்கணும்னு ஆசை. அவன் அனுப்பினது மீகாங் ஆத்துப் பக்கம். விமானத்துல ஏறி, காது அடைச்சு, வாந்தி எடுத்து, கார்ல நாலு மணி நேரம், அப்புறம் படகுல ஏறி இறங்கிப் பார்த்தா எதிர்ல என்ன இருக்கு? நெல்லு! வாய்க்கால், வரப்பு, தென்னை, வாழை, ஆகாயத்தாமரை, குளத்துல வாத்து. "இதைப் பார்க்கவா பாஸ்போர்ட் எடுத்தோம்"னு கேட்டா பாருங்க. ஆனா ஒண்ணு மச்சான், வாய்க்கால் நெறைய தண்ணி. மேட்டூர்ல தெறக்க மாட்டாங்களான்னு அண்ணாந்து பார்க்கற வேலையே இல்ல. வருஷத்துல மூணு போகம். நான் வரப்புல நின்னுக்கிட்டு அந்த மூணு போகத்தையும் விரல் விட்டு எண்ணினேன், வயித்தெரிச்சல்தான்.

நாங்க தங்கினது ஒரு வீட்ல. வீட்டுக்காரர் பேரு தாம், நம்ம வயசு, அவரும் விவசாயிதான். சம்சாரம் பேரு லான். மொழிபெயர்க்கறதுக்குப் போன்ல ஏதோ போட்டுக் குடுத்திருந்தான் சதீஷ். வந்து ஒரு மணி நேரம் ஆகல, மணிவிழாப் படத்தைக் காட்டறேன்னு படித்துறையில குனிஞ்சா உங்க தங்கச்சி. போன் தண்ணியில. அதோட மொழியும் போச்சு. போச்சுன்னு நான்தான் தலையில கை வெச்சு உக்காந்தேன். பொம்பளைங்க ரெண்டு பேரும் அடுப்பங்கரையில இவ தமிழ்ல பேச, அவ அவங்க பாஷையில பேச, சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. வெறும் தழையா வெச்சு சாப்பிடச் சொன்னாங்க, நம்ம மாடு பார்த்தா பொறாமைப்பட்டிருக்கும். இவ அதையும் மீன் வெச்சு சுருட்டிச் சுருட்டித் தின்னா. நான் மண்ணு எப்படின்னு பார்க்கறேன்னு தாம் வயல்ல எறங்கி முழங்கால் வரைக்கும் மாட்டிக்கிட்டேன். இழுக்க வந்த அவரும் விழுந்தார். ரெண்டு கிழவனும் சேத்துல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்து சிரிச்சோம். வீட்ல லான் "தாம் ஓய்! தாம் ஓய்!"னு ஊருக்கே கேக்கற மாதிரி புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. இவ முதல்ல காதைப் பொத்திக்கிட்டா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கையை எடுத்துட்டா.

மூணாம் நாள் விடியக்காலம். யாரும் எழுந்திருக்கல. ஒரே பனிமூட்டம், ஆறும் தெரியல வானமும் தெரியல. படித்துறையில கட்டியிருந்த சின்னப் படகுல போயி சும்மா உக்காந்தேன் மச்சான், சத்தியமா சும்மாதான். காவிரிக்கரையில பொறந்தவனுக்குப் படகுல உக்காரக்கூடவா தெரியாதுன்னு ஒரு திமிர். கயிறு எப்ப அவுந்துச்சுன்னு தெரியல. அந்த ஆத்துல கடலோட ஏத்தவத்தம் உண்டாம், நேரத்துக்குத் தண்ணி ஏறும், எறங்கும், அது எனக்கெங்க தெரியும்? படகு தானா நகருது. ஆகாயத்தாமரை கூடவே வருது. தண்ணி சத்தம்கூட இல்ல. பயப்படணும்னே தோணல, என்னமோ தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருந்துச்சு. பின்னாடி எங்கயோ "ஏங்க, ஏங்க"ன்னு கேட்டுச்சு, ஏதோ பறவைன்னு நெனச்சேன். வாய்க்கால் தாண்டினா பெரிய ஆறு, கப்பல் மாதிரி மணல் படகெல்லாம் போற எடம். நான் அதுக்கு நேரா போயிக்கிட்டிருக்கேன்.

கரையில நடந்ததை இவ அப்புறம் சொன்னா. லான் ஓடி வந்து, இவ நெஞ்சைத் தொட்டு, ஆத்தைக் காட்டி, வாய்கிட்ட கையைக் குவிச்சு, பேரு என்ன, நான் கத்தறேன்னு சைகையில கேட்டிருக்கா. இவ அந்த நேரத்துலயும் "திருவாரூர் சாமி, திருவாரூர் சாமி"ன்னு அழுதிருக்கா. அந்தம்மாவுக்குத் திருவாரூர் தெரியாது மச்சான்! தேர் தெரியாது, சாமி தெரியாது. இவ என்னதான் பண்ணுவா?

அப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு. பனிக்குள்ளேருந்து, ஆத்து மேலேயே நடந்து வந்த மாதிரி, "தியாகேசன்! தியாகேசன்!" முழுப் பேரு, ஒரு எழுத்து கொறையாம. எங்க அம்மா போயி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னை யாரு மச்சான் பேர் சொல்லிக் கூப்பிட்டா? அப்பா, மாமா, பெரியவரே, அவ்வளவுதான். நான் எழுந்து நின்னு, "இதோ வந்துட்டேம்மா"ன்னு கத்தியிருக்கேன். அந்தக் குரலை வெச்சுத்தான் தாம் மோட்டார் படகுல வந்து புடிச்சார். கரையேறினதும் இவ என்னை ரெண்டு அடி அடிச்சா, அடிக்கறப்பவும் பேரைச் சொல்லித்தான் அடிச்சா. லான் எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு அழுதா. என்ன ஏதுன்னு தெரியாம நானும் அழுதேன்.

அதெல்லாம் அங்கயே விட்டுட்டு வரணுமா இல்லையா? இவ விடல. திருச்சி ஏர்போர்ட்ல பெட்டி எடுக்கற எடத்துல "தியாகேசன், அந்த நீலப் பெட்டி!" நெல்லு கொள்முதல் பண்ற எடத்துல நூறு பேர் மத்தியில "தியாகேசன், சாப்பிட வாங்க!" பேரையும் சொல்லி 'வாங்க'வும் போட்டா அது என்ன மரியாதை? பக்கத்து வீட்டு நாகம்மாள் எம் மூஞ்சிக்கு நேராவே முந்தானையால வாயை மூடிக்கறா. கோயில் கமிட்டியில தலைவரா உக்காந்திருக்கேன், வாசல்லேருந்து கூப்பிடறா, தீர்மானம் பாதியில நிக்குது. நான் சொன்னா கேக்க மாட்டா. அண்ணன் சொன்னா கேப்பா. ஒரு நடை வந்து, பக்குவமா, பழையபடி 'ஏங்க'ன்னு கூப்பிடச் சொல்லிட்டுப் போங்க.

அக்காவுக்கு என் வணக்கமும், தங்கள் முழங்காலுக்கு விரைவில் சுகமும், வீட்டில் சின்னவர்களுக்கு எங்கள் இருவரின் ஆசியும் சேரட்டும்.

தங்கள் அன்புள்ள,
தியாகேசன்

பி.கு.: மச்சான், மேலே எழுதினது எதையும் கணக்குல வெச்சுக்காதீங்க. தபால் உறை வாங்கக் கடைத்தெருவுக்குப் போறப்ப இதை மேசை மேலயே வெச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா, காத்துல பறக்காம இருக்கக் கடுதாசி மேல சொம்பு வெச்சிருக்கா. படிச்சுட்டான்னு அப்பவே தெரிஞ்சுது. இன்னியோட நாலு நாளு ஆச்சு, 'ஏங்க'தான். நான் கேட்டதுதானே, சந்தோஷமாத்தானே இருக்கணும்? சோறு எறங்கல. நேத்து உளுந்து பறிக்கறப்ப, வாய்க்கால் காஞ்சு கெடக்கு, அந்தக் கரையில அவ, இந்தக் கரையில நான். "ஏங்க"ன்னா. நான் திரும்பல. நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டு, "அவங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு போல"ன்னு நாகம்மாள்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா. இப்ப ஊரே என்கிட்ட சத்தம் போட்டுப் பேசுது.

நீங்க கட்டாயம் வரணும். வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி, "உன் வீட்டுக்காரர் பேரு என்ன தர்மா"ன்னு அவகிட்ட கேளுங்க. திருவாரூர் சாமி பேருன்னுதான் சொல்லுவா. நீங்க பொறந்து வளர்ந்து குடியிருக்கறது திருவாரூர்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்காக, அப்படி ஒரு ஊரே தெரியாதுன்னு சொல்லிடுங்க மச்சான்.