ஸ்டோர்காரர் உதவித்தொகை கேட்கப் போன கதை

பேருந்துப் பணிமனையில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரர் ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி அறிவித்தார்.

"நான் பட்டம் வாங்கப் போறேன்."

"எதுக்கு? மொட்டை மாடியில பறக்க விடவா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"அந்தப் பட்டம் இல்லம்மா. காலேஜ் பட்டம். சாயங்காலக் காலேஜ்ல பி.காம். சேரப் போறேன். பதவி உயர்வுக்கு உதவும்."

பதவி உயர்வெல்லாம் வெளியே சொல்வதற்கு. உள்ளே இருந்தது வேறு. பகல் முழுக்க மெக்கானிக்குகள் ஜன்னலில் தலையை விட்டு, "அதை எடு, இதை எடு" என்று உயிரை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் குழாய் ஒழுகும், கடைக்குப் போக வேண்டியிருக்கும், பிள்ளைகளுக்குக் கணக்கு வராது. இதில் எதையும் அவர் செய்துவிடுவதில்லை. ஆனால் செய்யாமல் தப்பிக்க அவர் தினமும் பட்ட பாடு, செய்வதைவிடப் பெரிது. மனிதர் களைத்துப் போயிருந்தார். அவர் கேட்டதெல்லாம் ஒரு கடைசி பெஞ்சு, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, தூரத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கக் கண்ணை மூடிக்கொள்ள இரண்டு மணி நேரம்.

"ஃபீஸுக்கு எங்க போவீங்க?"

"உதவித்தொகை தராங்க. நம்மள மாதிரி வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான்."

"உதவித்தொகை கிடைக்கிறது இருக்கட்டும். இந்த வீட்ல கொஞ்சம் உதவி கிடைக்குமா?"

பெரிய சண்டை வரும் என்று ஸ்டோர்காரர் தயாராக இருந்தார். வரவில்லை. மறுநாள் அவளே கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தாள். வருமானச் சான்றிதழுக்கு அவளே வரிசையில் நின்றாள். அவர் செய்தது, போட்டோ எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அதிலும் கண்ணை மூடிவிட்டதால் திரும்பவும் போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலிலேயே அலுத்துப் போய்ப் படுத்துவிட்டார்.

"ஏங்க, நானும் ஒண்ணு எழுதிப் போடட்டுமா?"

"நீயா? உனக்கு எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துல கணக்குல நான்தானே முதல். பன்னெண்டாவது முடிச்சதும் கல்யாணம்னு நிறுத்திட்டாங்க. ரெண்டு பேரு போட்டா ஒருத்தருக்காவது விழும்ல?"

"போடு, போடு. லாட்டரின்னு நினைச்சியா?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கணக்கில் முதல் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். விசாரித்திருக்கலாம். தூக்கம் வந்துவிட்டது.

இரண்டு பேரையுமே நேர்காணலுக்கு ஒரே நாளில் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது அவள் அக்கறையாகச் சொன்னாள்.

"நேரம் இருக்கான்னுதான் முக்கியமா கேப்பாங்களாம். பாதியில நின்னுடுவாங்களோன்னு பயம். நிறைய நேரம் இருக்குன்னு அடிச்சுச் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதா?"

உதவித்தொகைப் பிரிவு அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். இருவரையும் எதிரே உட்காரவைத்து, "ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் தர முடியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டோர்காரர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார்.

"சாயங்காலத்துல உங்களுக்கு நேரம் இருக்குமா சார்?"

"நேரமா? மேடம், வீட்டுக்குப் போனா எனக்கு ஒரு வேலையும் கிடையாது."

"சமையல்?"

"இவ."

"பிள்ளைங்க படிப்பு?"

"இவதான். கணக்குல புலி மேடம்!"

"கடை கண்ணி, பில் கட்டுறது?"

"எல்லாம் இவதான். ஒரு துரும்பைக்கூட நான் எடுத்துப் போடறதில்ல. நான் சும்மாதான் இருக்கேன் மேடம். வேணும்னா இவளையே கேளுங்க."

மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்படிம்மா? சாயங்காலம் நேரம் கிடைக்குமா?"

"இதுவரைக்கும் கிடைக்கல மேடம். சாருக்குத்தான் ஒரு வேலையும் இல்லையாமே. இனிமே கிடைக்கும்."

ஸ்டோர்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? நேரம் இல்லை என்றால் உதவித்தொகை போச்சு. இருக்கிறது என்றால் சாயங்காலமே போச்சு. திறந்த வாயைக் கொட்டாவி மாதிரி மாற்றி மூடிக்கொண்டார்.

உதவித்தொகை மனைவிக்கு என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

"என்னை மாட்டிவிட்டியே!" என்று திரும்பி வரும் பஸ்ஸில் புலம்பினார்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்."

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் வெகு காலமாகப் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு அவருடைய சாயங்காலங்கள் புகைந்தன. குக்கர் கத்தியது. பிள்ளைகள் அதைவிடக் கத்தின. சின்னவளின் பின்னக் கணக்கைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. "அம்மா வரட்டும்ப்பா, உங்களுக்கு ஏன் கஷ்டம்" என்று அவளே நோட்டை வாங்கிக்கொண்டாள்.

உதவித்தொகை வாங்குகிறவர்களின் வீட்டிலிருந்து யாராவது பருவத்துக்கு ஒருமுறை வந்து ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் ஒரு விதி. ஸ்டோர்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய், அப்பா அம்மாக்களோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. ஆசிரியர் இளைஞர், மரியாதைக்காரர்.

"நீங்க யாரோட அப்பா சார்?"

"அப்பா இல்லைங்க. வீட்டுக்காரர்." மனைவியின் பெயரைச் சொன்னார்.

"அடடா, உக்காருங்க சார்! வகுப்புலயே அவங்கதான் முதல். ஒரே ஒரு தொந்தரவுதான். பாடம் நடக்கும்போதெல்லாம் போன் அடிக்குது. உப்பு எங்க, புளி எங்கன்னு ஒரு குரல். உங்க வீட்டுச் சமையல் ஆளு ரொம்ப மந்தம் போல, கொஞ்சம் வெவரமானவரா மாத்திடுங்களேன் சார்."