பேரம் பேசத் தெரிந்தவர்

"இதுதானா வீடு?" என்று கேட்டார் துரைசுவாமி.

"போன மாசம் வரைக்கும் மாட்டுக் கொட்டாயிங்க. இப்ப ஊடு" என்றார் சொந்தக்காரர் பெருமையாக.

போன மாதம் வரை குடியிருந்தவள் இன்னும் காலி செய்யவில்லை. மூலையில் நின்று அசைபோட்டபடி, புதுக் குடித்தனக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். துரைசுவாமி அவளிடம் மன்னிப்புக் கேட்காத குறையாக வெளியே வந்தார்.

அவருக்கு வேலை எல்லையோரச் சோதனைச் சாவடியில். கோபாலபுரம் சாலையிலிருந்து பிரிகிற கிளைப்பாதை. அதில் குறுக்கே ஒரு மூங்கில், மூங்கிலுக்குக் காவலாக ஒரு ஓலைக் கொட்டகை, கொட்டகைக்குள் கிளார்க் துரைசுவாமி. அரிசிக்குத் தட்டுப்பாடான எழுபதுகளின் காலம் அது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு மூட்டை அரிசிகூட எல்லை தாண்டக் கூடாது. வருகிற வண்டியை எல்லாம் மறித்து, கம்பியால் குத்திப் பார்த்து அனுப்புவார். கை சுத்தமானவர். லஞ்சம் வாங்கியதே இல்லை. யாரும் கொடுக்க வந்ததும் இல்லை என்பதில் அவருக்கு உள்ளூரச் சிறு வருத்தம் உண்டு.

கல்பாத்தியில் மாமனார் வீட்டோடு இருந்தார். மாமனார் தங்கமான மனிதர். தினமும் இலையில் உட்கார்ந்ததும், "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடு. வாடகை கொடுக்காத ஆத்துலே சாப்பாடு நன்னா இறங்கும்" என்று அன்போடு உபசரிப்பார்.

மனைவி திரிபுரசுந்தரி ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஓணத்துக்கு முன்னே ஒரு ஆம் பாருங்கோ. இல்லாட்டா அப்பா சொல்றதை நானும் சேர்ந்து சொல்லுவேன்."

வேலை செய்கிற ஊரிலேயே வீடு தேட ஆரம்பித்தார். வாடகை நாற்பது ரூபாயைத் தாண்டினால் காபிப்பொடி நின்றுவிடும். காபிப்பொடி நின்றால் திரிபுரசுந்தரி நிற்க மாட்டாள். ஆகவே நாற்பதுதான் எல்லை.

நாற்பது ரூபாய்க்கு உலகம் எதைக் காட்டுமோ அதையெல்லாம் காட்டியது. கொட்டாய்க்கு அடுத்துப் பார்த்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. கிணறு மட்டும் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவரோடு கோர்ட்டில் வழக்கு. "தீர்ப்பு வந்துருச்சுன்னா நீங்க தாராளமாக் குளிக்கலாமுங்க" என்றார்கள். அதற்கு அடுத்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, உரலில் மாவாட்டக் கூடாது, உறவுக்காரர் வரக் கூடாது. இருமல் உண்டா என்றுகூட விசாரித்தார்கள். துரைசுவாமி பதில் சொல்ல வாயெடுத்தவர் பதற்றத்தில் இருமிவிட்டார். கதவு சாத்தப்பட்டது.

வெறுத்துப் போய்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நாச்சம்மாள் அவரைத் தேடி வந்தாள். தென்னந்தோப்பும் வண்டிமாடும் உள்ள, வாட்டசாட்டமான அம்மாள்.

"ஏனுங்க சாமி, ஊடு தேடறீங்களாமா? என்ற ஊடு ஒண்ணு சும்மாதானுங்க கெடக்குது."

போய்ப் பார்த்தார். ஓட்டு வீடு. வழக்கில்லாத கிணறு. பின்னால் தோப்பு, தோப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. துரைசுவாமி கிணற்றில் ஒரு வாளி இறைத்தே பார்த்துவிட்டார்.

"வாடகை?"

"எழுபதுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நாற்பதுதான் முடியும்" என்றார்.

"செரீங்க."

இவ்வளவுதானா! முப்பது என்று சொல்லியிருக்கலாமே என்று அன்று முழுவதும் அவருக்கு வயிறு எரிந்தது.

"மச்சுல மட்டும் என்ற பண்டம் கொஞ்சம் கெடக்குமுங்க. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. அவ்வளவுதானுங்க."

"கிடக்கட்டும், கிடக்கட்டும்" என்றார் பெருந்தன்மையாக.

குடிவந்த வாரமே எலி வந்துவிட்டது. ஒன்றிரண்டல்ல, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி கும்பல் கும்பலாக. துரைசுவாமி ஒரு பூனையைக் கொண்டுவந்தார். பூனை இரண்டு நாள் எலி பிடித்தது. பிறகு, தீராத வேலைக்கு அவசரம் என்ன என்று தோன்றியதோ என்னவோ, திரிபுரசுந்தரியின் பாலைக் குடித்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தது. அப்புறம் குட்டி போட்டது, அவளுடைய பட்டுப் புடவை மேல்.

"ஏன்னா, எலியே தேவலை" என்றாள் அவள். "அது புடவையைக் கடிக்கறதோட நிறுத்திக்கும்."

துரைசுவாமி நேராக நாச்சம்மாளிடம் போனார். "மச்சுலே எலி விஷம் வைக்கப் போறேன்."

நாச்சம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சாமி! வெசத்தை மட்டும் வெச்சுப் போடாதீங்க! வாடகையில வேணும்னாப் பத்து ரூவா கொறச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒரே வார்த்தைதான் பேசினேன், கேட்டியா? பத்து குறைஞ்சது" என்றார்.

"எலி குறைஞ்சதா?"

அவர் பூனைக்குட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

அடுத்தது வண்டிச் சத்தம். விடிவதற்கு முன்பே நாச்சம்மாளின் வண்டிக்காரன் சின்னமுத்து, முற்றத்தில் மாட்டு வண்டியைத் திருப்புவான். மணிச் சத்தத்தில் பூனைக்குட்டிகள் எழும். அவை கத்துகிற கத்தில் திரிபுரசுந்தரி எழுவாள். அவளை அடுத்து துரைசுவாமி எழாமல் இருக்க முடியாது. புகார் போயிற்று. வாடகை இன்னும் பத்து இறங்கியது. மாட்டின் கழுத்து மணியும் கழற்றப்பட்டது. இப்போது வண்டி சத்தமில்லாமல் வந்து, இருட்டில் துளசி மாடத்தை இடித்துத் தள்ளியது. மறுபடி புகார். நாச்சம்மாள் இந்தத் தடவை வாடகையே வேண்டாம் என்று கும்பிட்டாள். கூடவே காய்கறி, தேங்காய், மோர் எல்லாம் வந்து இறங்கின.

"அவளுக்கு நம்ம மேலே என்ன இத்தனை பிரியம்? எனக்கு ஒண்ணும் பிடிகிட்டலை" என்றாள் திரிபுரசுந்தரி.

"பிரியமாவது! பேரம் பேசத் தெரியணும்டி. ஒங்கப்பாவை ஒரு நாள் இங்கே வரச் சொல்லு."

மாமனார் வந்தார். வாடகை இல்லை என்று கேட்டதும் கிணற்றையும் தோப்பையும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். துரைசுவாமி அவர் இலையைப் பார்த்து, "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆயிரம் எலிகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சாவடியில் சக ஊழியர்களுக்கு வீடு பிடிப்பது எப்படி என்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். அவர் பேச்சு சூடு பிடித்திருந்த சமயத்தில்தான் தாலுகாவிலிருந்து ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். இந்த ஊரில் அரிசி பதுக்குகிறார்கள் என்று யாரோ மொட்டைக் கடிதாசு போட்டிருந்தார்களாம்.

துரைசுவாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே முன்னால் நடந்தார். கோர்ட்டு வழக்குக்காரர் வீட்டில் நெற்குதிரைக் கவிழ்த்துப் பார்த்தார். இருமல் வீட்டில், வேண்டுமென்றே நாலு தடவை இருமிவிட்டு, கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார். மாட்டுக் கொட்டாயையும் விடவில்லை. பசு அவரை அடையாளம் கண்டுகொண்டு முட்ட வந்தது. எங்கும் ஒரு பிடி அரிசி அதிகமில்லை.

கடைசியில் ஒரு வாசலில் நின்று, "இது என் ஆமாக்கும் சார்" என்றார்.

"உம்ம வீடா? அதை எதுக்கு ஓய் பாக்கணும்?" என்று சிரித்தார் ஆபீசர். உள்ளே வந்து மோர் மட்டும் குடித்தார். வாசலில் இருந்த நாச்சம்மாள் அவருக்கு இரண்டாவது டம்ளரும் கொண்டுவரச் சொன்னாள்.

இப்படி ஒரு நேர்மையான ஆளைக் கண்டதில்லை என்று ஆபீசர் மேலே எழுதினார். அதற்குப் பரிசாகத் துரைசுவாமியைத் தலைமை கிளார்க்காக உயர்த்தி, மூணாறுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வீட்டு வாடகை இங்கேயுள்ளதைப் போல மூன்று மடங்கு என்று கேள்வி.

"பேரம் பேசினாப் போச்சு" என்றார் துரைசுவாமி.

புறப்படுகிற அன்று நாச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களாட்டம் ஒரு குடித்தனக்காரரு இனி எங்களுக்குக் கெடைப்பாங்களா, சாமி!"

துரைசுவாமிக்கும் கண் கலங்கியது. மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா? மனுஷாளைச் சம்பாதிக்கணும். பணம் என்ன பணம்!" என்றார்.

சாமான்களை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்த சின்னமுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் அருகில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

"ஏனுங்க சாமி, உங்களுக்குப் பதிலா வர்ற செக்போஸ்ட் சாரு எப்பக் குடி வர்றாருங்க? அதுவரைக்கும் நம்ம அரிசி மூட்டையெல்லாம் எங்கீங்க கொண்டுபோயி வெக்கறது?"