சவுண்ட் அண்ணையும் வேல்ஸ் சோடியும்

நானும் ஒரு பாட்டுச் சோடியில் பாதியாக வேண்டும் என்ற எண்ணம், கர்க்லாண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வடை பொரிவது நின்ற நொடியில் பிறந்தது. நிறுத்தியவர் சவுண்ட் அண்ணை. சத்தத்தைக் குறைக்கக் கூலி வாங்கும் ஒலிபெருக்கிக்காரர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

'மைக் டெஸ்டிங்' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆட்கள் வருமுன் வேல்ஸ்காரச் சோடி ஒன்றின் பாட்டைப் போடுவார். அவன் பியானோவில் ஜாஸ் நெளிவுகள். அவள் குரலோ, காதல் முறிந்ததைத் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பதுபோல் சொல்லிப் போகும். அன்றும் அண்ணை மூலைமூலையாகக் காது கொடுத்து, கடைசியில், வயர் இழுக்க உதவிக்குப் போன என்னோடு குசினிக்குள் நுழைந்தார்.

"அவள் மூச்சு எடுக்கிறது கேக்குதோ?"

"வடை பொரியிறதுதான் கேக்குது," என்றார் சமையல்காரர்.

"அப்ப அடுப்பை நூருங்கோ."

அடுப்பு அணைந்தது. வரிக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அன்று மாலை பெண்ணின் தகப்பன் பாய்ந்து வந்தார். "செத்தவீடு மாதிரிக் கிடக்கு. ஏத்துமப்பா சவுண்டை."

"சம்பந்தியோட கதைக்க வசதியா இருக்கட்டுமெண்டுதான் குறைச்சனான்."

"அந்தாளோட கதைக்கக் கூடாதெண்டுதான் ஏத்தச் சொல்லுறன்."

அண்ணை ஏற்றவில்லை.

"வேல்ஸ் இங்கிலாந்திலயா அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பக்கத்தில. அவையளுக்கு முன்னால மாறிச் சொல்லிப்போடாதை. எங்களையும் சனம் மாறிச் சொல்லுறதுதானே, எங்களுக்குத் தெரியாத கோபமே?"

சென்னையிலிருந்து படிக்க வந்த நிவேதா கிட்டார் வாசிப்பாள். அவளோடு இல்-பிசார் தீவில் அண்ணையின் வீட்டு நிலவறைக்குப் போய், நாங்களே கட்டிய தமிழ்ப் பாட்டைப் பாடிக் காட்டினேன்.

"அண்ணா, கொஞ்சம் எக்கோ குடுங்களேன்," என்றாள் நிவேதா.

"குளியலறையிலயோ பாடப் போறியள்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி பறக்கிறாய்? பஸ்ஸைப் பிடிக்கவோ? இந்தத் தீவில பஸ் வராது. ஆறுதலாப் பாடு."

அதிலிருந்து வாரம் தவறாமல் போய் அவசரப்படாமல் ஆறுதலாகப் பாடிப் பழகினோம்.

வரும் சனிக்கிழமை அதே மண்டபத்தில், அதே தகப்பனின் இளைய மகளுக்குக் கல்யாணம். சவுண்டுக்குத் திரும்பவும் அண்ணைதான். சாப்பாட்டு நேரத்தில் எங்களைப் பாட வைக்கிறாராம். தகப்பன் உறுமியிருக்கிறார். "சனத்துக்குப் பிடிக்காட்டி இனி என்னைக் கூப்பிடாதையுங்கோ," என்று அண்ணை எங்களுக்காகத் தன் தொழிலையே பந்தயம் கட்டிவிட்டார். இது தெரிந்ததிலிருந்து நான் குளியலறையிலும் பாடிப் பழகுகிறேன்.

நேற்று அண்ணை போன் எடுத்தார். "தம்பி, உங்கட பாட்டைப் பதிஞ்சு அனுப்பு. சனிக்கிழமை மண்டபத்துச் சவுண்டை அதிலதான் பாக்கப் போறன்."

"வேல்ஸ் சோடி?"

"அவையள் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும். நீ மூச்சை விழுங்காமப் பாடு. வடைக்காரருக்கு இப்பவே சொல்லிப்போட்டன், அடுப்பை நூர்க்கச் சொல்லி."