இடுப்பு வரை மட்டும் உள்ள அம்மா

அன்று சாயங்காலம் என் மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாளே, அது எனக்காகவா, இல்லை ‘அவள்’ சொன்னாள் என்பதற்காகவா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. ‘அவள்’ யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளும் நான்தான். என் முகம், என் குரல், என் கடுகு நிறக் காட்டன் புடவை. ஆனால் அவளுக்குத் தலைமுடி கலையாது, தொண்டை கட்டாது, கோபம் வராது. இடுப்புக்குக் கீழே ஆளும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருத்தி மேல் நான் பொறாமைப்பட்டேன். கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை. மல்லாபூரில் ஒரு மசாலாத் தொழிற்சாலையே சாட்சி.

ஹைதராபாத்தில் பயிற்சிப் பாடங்கள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ‘ஓடுகிற இயந்திரத்தில் கையை விடாதே’ வகைப் பாடங்கள். முன்பெல்லாம் இதற்கு நடிக்க ஆள், கேமரா, விளக்கு எல்லாம் வேண்டும். இப்போது ஏஐ வந்துவிட்டது. ஒருவரை ஐந்து நிமிடம் படம்பிடித்துக் கொடுத்தால் போதும். அதன்பிறகு நாம் எதைத் தட்டச்சு செய்தாலும் அந்த உருவம் அவர் குரலிலேயே பேசும். எந்த மொழியில் எழுதினாலும் தெலுங்கிலும் இந்தியிலும் மாற்றிப் பேசும். இதை எங்கள் தொழிலில் அவதார் என்பார்கள்.

மேலதிகாரி மாதவி மேடம் என்னைக் கூப்பிட்டு, “ரேவதி, உன் முகத்தைப் பார்த்தா நீ சொல்றது உண்மைன்னு தோணுது. நீயே உட்காரு” என்றார். (அவர் தெலுங்கில் சொன்னார். மொழிபெயர்ப்பில் எனக்குச் சாதகமாக ஒரு சொல் கூடியிருக்கலாம்.) நான் உட்கார்ந்தேன். மறுநாள் திரையில் அவள் வந்தாள்.

“ஹவ், சூப்பரா பேசுறாளே!” என்றார் என் கணவர் சரவணன். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மத்திய அரசு வேலை, வீட்டில் தமிழ், நாக்கில் பாதி இந்த ஊர் (‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் இல்லை). “கத்தாம, நிதானமா. ஒரே விஷயத்த நாலு தரம் கேட்டாலும் அதே மாதிரி சிரிக்குறா பாரு.”

“அது நான்தாங்க.”

“நக்கோ ரேவதி, இது வேற யாரோ.”

முதல் முள் அங்கே குத்தியது. ஆனால் உண்மையான குத்து என் மகள் யாழினியிடமிருந்து வந்தது. அவளுக்கு நாலு வயது. நான் திண்டுக்கல்காரி. பிள்ளை நம் மொழியில் பேச வேண்டும் என்று அவள் பிறந்ததிலிருந்து தவம் கிடக்கிறேன். நான் தமிழில் கேட்பேன், அவளுக்குப் புரியும், பதில் தெலுங்கில் வரும். “சாப்பிடு கண்ணு” என்றால் “நாக்கு வத்து” (எனக்கு வேண்டாம்). “தூங்கு கண்ணு” என்றாலும் “நாக்கு வத்து.” அவள் என்னோடு பேசுவதில் பெரும்பகுதி அந்த இரண்டு சொல்தான்.

ஒருநாள் வீட்டிலிருந்து வேலை. மசாலாத் தொழிற்சாலைக்கான முதல் பாடம். தெலுங்குக்கு மாற்றுவதற்கு முன்னால், சரிபார்க்கத் தமிழில் ஓடவிட்டிருந்தேன். திரையில் அவள், “கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்” என்றாள். யாழினி எழுந்து போனாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, கையைத் திரைக்கு முன்னால் நீட்டிச் சொன்னாள்:

“கழுவிட்டேன்மா.”

தமிழில்! நாலு வருடத் தவம், அந்த இடுப்பு வரை உள்ளவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதே மடிக்கணினியை மூடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? “யாழினிக் கண்ணு, தக்காளி சாதம் சாப்பிடலாமா?” என்று தட்டச்சு செய்தேன். இரண்டு நிமிடத்தில் வீடியோ தயார். அவள் கேட்டாள், இவள் சாப்பிட்டாள். பல் தேய்க்க ஒன்று, செருப்பை ஓரமாக விட ஒன்று, மதியம் தூங்க ஒன்று. ஒரு வாரம் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. எழுதிக் கொடுப்பவள் நான், பேர் வாங்குபவள் அவள். நான் நேரில் போய் அதே சொல்லை, அதே சிரிப்போடு, (கண்ணாடி முன் பயிற்சி எடுத்துக்கொண்டு) சொல்லிப் பார்த்தேன்.

“நாக்கு வத்து.”

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. யாழினி பால்கனியில் ஓடி, தடுக்கி விழுந்தாள். முட்டியில் தோல் உரிந்து ரத்தம். அழுதுகொண்டே ஓடிவந்தாள். நான் சமையலறை வாசலில் ஈரக்கையோடு மண்டியிட்டுக் கையை விரித்தேன். அவள் என் விரித்த கைக்குப் பக்கத்தில் வளைந்து, சோபாவில் இருந்த மடிக்கணினியிடம் போய் நின்றாள்.

“ஆ அம்மா காவாலி!”

அந்த அம்மா வேண்டுமாம்.

நான் மருந்து போட்டேன், கட்டுப் போட்டேன், தூங்க வைத்தேன். அந்த அம்மாவால் ஒரு பஞ்சைக்கூடப் பிடிக்க முடியாது, நினைவிருக்கட்டும். பிறகு சோபாவில் உட்கார்ந்து, வாழ்க்கையில் எழுதியதிலேயே மோசமான ஸ்கிரிப்டை எழுதினேன். அவள் வாயாலேயே அவள் கதையை முடிக்கும் ஸ்கிரிப்ட்:

“நான் உன் அம்மா இல்லை. நான் கம்ப்யூட்டரில் செய்த பொம்மை. எனக்குச் சமைக்கத் தெரியாது. இடுப்புக்குக் கீழே நான் கிடையவே கிடையாது. இதுவரை நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடு. இனிமேல் நான் என்ன சொன்னாலும் கேட்காதே. சமையலறையில் ஈரக்கையோடு நின்று திட்டுகிறாளே, அவள்தான் உண்மையானவள். அவளிடம் போ.”

வீடியோ தயாரானதும் பயம் வந்துவிட்டது. பிள்ளை மனசு உடைந்தால்? பின்னாளில் யாரையுமே நம்பாமல் போனால்? சரவணனைக் கேட்கலாமா? கேட்டால் சிரிப்பாரே! காட்டாமல் வைத்துக்கொண்டேன். அழிக்கவும் மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய பயம், அது அலுவலகக் கணக்கில் இருந்தது. சொந்த வீடியோ என்று மாதவி மேடம் கண்ணில் பட்டால்? ஆகவே யாருக்கும் சந்தேகம் வராதபடி அதற்கு ஒரு பெயர் வைத்தேன்: ‘பாடம் 4 – இறுதித் திருத்தம்.’

உண்மையான நாலாம் பாடத்தின் பெயர் ‘பாடம் 4 – இறுதி.’

நான் பதற்றக்காரி. எதையும் மூன்று முறை சரிபார்ப்பேன். வியாழக்கிழமை பாடங்களை வரிசையாகச் சேர்த்தபோதும் சரிபார்த்தேன். ஆனால் சத்தத்தை மூடிவிட்டுச் சரிபார்த்தேன். காரணம், அவள் குரல் கேட்டால் யாழினி ஓடிவந்துவிடுவாள். அந்தக் குரலை என் மகள் காதில் விழவிடுவதில்லை என்று முடிவெடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சத்தம் இல்லாமல் பார்த்தால் எல்லாப் பாடத்திலும் அதே புடவை, அதே சிரிப்பு. திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை ஏஐ கருவி கடைசியில்தான் சேர்க்கும். ‘தெலுங்கு, இந்தி’ என்று குறித்து, வெளியிடு பொத்தானை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை மல்லாபூர். மிளகாய் அரைக்கும் இடம். வாசலிலேயே தும்மல் வரவேற்கும். சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய திரை கட்டி, ஒரு ஷிப்டு முழுவதையும் உட்கார வைத்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி யாதகிரி சார் முன்வரிசையில், பக்கத்தில் மாதவி மேடம். நான் பின்னால், பேக்கிங் பிரிவுப் பெண்களோடு.

முதல் பாடம் ஓடியது. என் பக்கத்தில் இருந்த லட்சுமம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“மீ செல்லெலா, மேடம்?”

உங்கள் தங்கையா என்கிறார். ஒரே வயது, ஒரே ஆள். நான் அக்கா!

“ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

மூன்றாம் பாடத்தில் அவள் அழகான தெலுங்கில் (எனக்கு அந்தத் தெலுங்கு வராது, அதுவும் ஒரு எரிச்சல்) “இயந்திரம் ஓடும்போது எக்காரணம் கொண்டும் கையை உள்ளே விடாதீர்கள்” என்றாள். கூடமே தலையாட்டியது. யாதகிரி சார் திரும்பி எனக்குக் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்தது நாலாம் பாடம், ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்துவது எப்படி. திரையில் அதே சிரிப்போடு, தெலுங்கில் அவள்:

“நான் உன் அம்மா இல்லை.”

பின்னணியில் வயலின். நான் வயலின் போடவில்லை. உருக்கமான வசனம் என்று கண்டுபிடித்துக் கருவியே போட்டுக்கொண்டது.

எழ நினைத்தேன், கால் வரவில்லை. அந்த நிமிடம் எனக்கும் இடுப்புக்குக் கீழே ஆள் இல்லை. “இதுவரை நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடு” என்றாள். கையை விடாதே என்று சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை! “இனிமேல் நான் என்ன சொன்னாலும் கேட்காதே.” யாதகிரி சாரின் கட்டைவிரல் மெதுவாக இறங்கியது. லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்து, “பாபம், மீ செல்லெலு” என்றார். மிளகாய்த் தூளால் வந்த கண்ணீர் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு முடிந்ததா? ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கருவி தானாகவே ஒரு கேள்வி கேட்கும். திரை நிறையக் கேள்வி வந்தது.

‘உண்மையான அம்மா எங்கே இருக்கிறார்? அ) கம்ப்யூட்டரில் ஆ) சமையலறையில் இ) சூப்பர்வைசரிடம்.’

கூடமே ஒரே குரலில் “ஆ!” என்றது. மற்ற மூன்று பாடத்திலும் அப்படி ஒரு பதில் வரவில்லை. சூப்பர்வைசர் மட்டும் தலைகுனிந்தார்.

மாதவி மேடம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை என் கால்களைத் திருப்பிக் கொடுத்தது. ஓடிப்போய் வீடியோவை நிறுத்தினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நாலாம் பாடத்தை யாராவது சொல்லியாக வேண்டும். என் உடைந்த தெலுங்கில், யாழினியிடம் பேசும் அதே தொண்டையில் ஆரம்பித்தேன். சிவப்புப் பொத்தான் எங்கே, யார் காட்டுவீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்! அங்கே என்ன சிரிப்பு? ஓடுகிற மெஷினில் கையை விட்டதாக என் காதில் விழுந்தது, அப்புறம் தெரியும் சேதி! விரலையும் ஆட்டினேன் போலிருக்கிறது. ஆறடி உயரத்தில் ஒருவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, “சாரி மேடம்” என்றார். அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை, பாவம்.

“இந்த மேடம் சொன்னாத்தான் பயம் வருது” என்றார் யாதகிரி சார், மாதவி மேடத்திடம். “திரையில இவங்களையே போடுங்க. திட்டுற மாதிரியே.”

வேலை போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை என்னை மறுபடி உட்கார வைத்து, கோபமாகப் படம்பிடித்தார்கள். இப்போது அலுவலகத்தில் நான் இரண்டு பேர்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தைப் பற்றி. உப்பலில் எங்கள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் சரவணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். “கைக்கு (எதுக்கு) இவ்ளோ அழுகை? ஒரு தரம் போடு, நானும் பாக்குறேன்.” போட்டேன், தமிழில். சத்தத்தை மூட மறந்துவிட்டேன். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த யாழினி வந்துவிட்டாள். முட்டியில் கட்டோடு, திரைக்கு முன் நின்று, கடைசி வார்த்தை வரை கேட்டாள்.

“அவளிடம் போ” என்றாள் அவள்.

“சரிம்மா” என்றாள் யாழினி, தமிழில், திரையைப் பார்த்து. பிறகு திரும்பி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறுக்கமாக. ரொம்ப நேரம். நான் அழுதேன். (மிளகாய் இல்லை.) நாலைந்து நிமிடம் கழித்துத்தான் அந்த எண்ணம் வந்தது. ‘போ’ என்று அவள் சொன்னாள், இவள் வந்துவிட்டாள். தக்காளி சாதம் மாதிரி. செருப்பு மாதிரி.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் சரவணன் மகளை நிறுத்தி வைத்து, “உண்மையான அம்மா எங்கே இருக்கிறார்?” என்பார். அவள் “ஆ! சமையலறையில்!” என்று தமிழில் கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் வரவேற்பறையில் நின்றாலும், இரண்டு பட்டம் வாங்கியிருந்தாலும், விடை அதேதான்.

மடிக்கணினியில் அவள் இன்னும் இருக்கிறாள். ‘இந்த அவதாரை நிரந்தரமாக நீக்கவா?’ என்று கேட்கும் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். யாழினி எனக்காக வந்தாளா, அவளுக்காக வந்தாளா என்பது யாழினிக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டுப் பார்த்தேன், “நாக்கு வத்து” என்றாள். நேராகப் பதில் சொல்வது ஒருத்தியிடம்தான். கேள்வியைத் தட்டச்சு செய்து, அவளை விட்டே ஒரு தடவை கேட்கச் சொல்லி, அப்புறம் அழித்துவிடட்டுமா? இல்லை, கேட்காமலே அழித்துவிடட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தயவுசெய்து பதிலை எனக்கே சொல்லுங்கள், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் என்னைவிட நிதானமாகக் கேட்டுக்கொள்வாள்.